ஊமைக் கல்லும் ஊமைப் பெட்டியும்

எழுபது வயதைத் தாண்டிய மனிதன் செய்யக் கூடாத காரியங்கள் என்று ஒரு ஜாபிதா தயாரித்தால், சொந்தக் கையால் கம்ப்யூட்டர் கட்டுவது அதில் நிச்சயம் இடம்பெறும். நான் அதைச் செய்தேன். செய்ததற்குக் காரணம் என் துணிச்சல் அல்ல. ஒரு பிஸ்கட் டப்பா.

டப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணா செங்கற்பட்டில் சித்திர வாத்தியாராக இருந்தவர். 1960களில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போய்விடுவார். சுமார் 30 கிலோமீட்டர். கழுத்தில் ஓர் இரவல் காமிரா தொங்கும். மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் அர்ச்சுனன் தபசையும் யானையையும் படம் பிடிப்பார்கள்; அண்ணாவோ தூண், சுவர், மூலை முடுக்கு என்று எங்கெல்லாம் எழுத்து வெட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் காமிராவை நீட்டுவார். "சிற்பத்தைப் பத்துப் பேர் பார்த்துக் கொள்வார்கள். எழுத்தை யார் பார்க்கிறார்கள்? உப்புக் காற்று தின்றுகொண்டிருக்கிறது" என்பார்.

அண்ணா காலமான பிறகு அந்தப் பிஸ்கட் டப்பா என்னிடம் வந்தது. உள்ளே நெகடிவ் துண்டுகள், 200க்கு மேல். காகிதத்தில் அச்சுப் போட்டவை மிகச் சில. டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை அடிக்கும். பழைய பிலிம் கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே சுமார் 20 வருஷங்களுக்கு முன், பிலிமைப் படிக்கும் விளக்கு வைத்த ஒரு ஸ்கானரை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். 11 படங்களை எடுத்தேன். மீதியைத் தீபாவளிக்குப் பிறகு எடுக்கலாம் என்று வைத்தேன். எந்தத் தீபாவளி என்று நான் குறிப்பிடவில்லை. அதுதான் என்னுடைய பிழை.

பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் உயிரை விட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குச் சாதாரண ஆதரவும் முடிந்தது. பழையதைச் செப்பனிடுவதில் பிரயோஜனம் இல்லை என்று என் தங்கை பிள்ளை சொன்னான். அவன் மறைமலை நகர்ப் பக்கம் வேலை பார்க்கிறவன். இரண்டு பேருமாகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். மதர்போர்டு, பிராஸஸர், நினைவுச் சில்லு, மின்சாரப் பெட்டி, தகரக் கூடு என்று தனித்தனியாக வாங்கி, கொளவாய் ஏரிக்காற்று வீசும் என் மாடியறையில் வைத்துப் பூட்டினோம். பூட்டுவது இடியாப்பம் பிழிவதைவிடச் சுலபம். எதை எதில் சொருக வேண்டுமோ அது அதில்தான் போகும், வேறொன்றில் போகாது.

பொத்தானை அமுக்கியதும் காற்றாடி சுழன்றது, விளக்குகள் எரிந்தன. என் நெஞ்சு நிமிர்ந்தது. அரை மணி நேரம் கழித்து அந்த நெஞ்சு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இன்டர்நெட் இல்லை. சப்தம் இல்லை. திரையில் எழுத்துக்கள் பூசணிக்காய் அளவில் நின்றன. உயிர் இருக்கிறது; வாய் இல்லை.

"டிரைவர் போடணும் மாமா" என்றான் பிள்ளையாண்டான்.

டிரைவர் என்ற சொல்லைத் தமிழில் 'இயக்கி' என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் தெற்கே திருநெல்வேலிச் சீமையில் இசக்கியம்மனுக்கும் இயக்கி என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் "இயக்கி சரியில்லை" என்று டெலிபோனில் சொன்னேன். "கொடை கொடுத்துப் பார்த்தீரா?" என்று கேட்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் டிரைவர் என்றே சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் என்பது என்ன? அது ஒரு துபாஷி. கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தனிப் பாஷை. சப்தச் சில்லு பேசுவது ஒன்று, படச் சில்லு பேசுவது வேறொன்று. விண்டோஸோ, லினக்ஸோ, மத்தியில் அமர்ந்து அரசாளும் அமைப்புக்கு அந்தப் பாஷைகள் எல்லாம் தெரியாது. "இந்த ஸ்வரத்தை வாசி" என்று அது உத்தரவு போட்டால், அதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வதும், சில்லு தரும் பதிலைத் திருப்பிச் சொல்வதும் டிரைவரின் உத்தியோகம். துபாஷி இல்லாத தர்பாரில் எவ்வளவு பெரிய தூதன் வந்து நின்றாலும் அவன் ஊமைதான்.

இதைக் கேட்டதும் எனக்கு அண்ணாவின் ஞாபகம் வந்தது. ஊமையாக நின்ற கற்களைப் பற்றி அவர் சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போது கதை கதையாகச் சொல்வார்.

மாமல்லபுரத்துச் சாஸனங்கள் வெகு காலம் யாருக்கும் புரியாமல் இருந்தவை. 1770களில் அங்கே போய்ப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், 1788இல் வெளியான 'ஆசியாடிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் அந்த இடத்தைப் பற்றி எழுதினார். எழுத்துக்களைக் கண்டார், படிக்க முடியவில்லை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டில் பல்லவர் வெட்டிய கிரந்த எழுத்து அது. கல் உடையவில்லை, எழுத்தும் பெரும்பாலும் அழியவில்லை. படிக்கும் வழி மட்டும் மறந்துபோயிற்று.

அதைத் திறந்தவர் பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் லண்டனில் அச்சிட்டவரும் இவரே. பிறகு சீமையில் வைத்தியரானார். தொண்டைக்குள் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவியை 1829இல் செய்து காட்டினார். மறு வருஷம், 1830இல், மாமல்லபுரத்துச் சாஸனங்களைப் படித்து எழுதிய கட்டுரை ராயல் ஆசியாடிக் ஸொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. மனிதன் தொண்டையிலும் கல்லின் தொண்டையிலும் குரல் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதே அவருக்கு வேலையாக இருந்திருக்கிறது! 60 வருஷங்கள் கழித்து, 1890இல், ஹூல்ட்ஷ் 'தென்னிந்தியச் சாஸனங்கள்' முதல் தொகுதியில் அவற்றைச் செம்மையாகப் பதிப்பித்தார்.

பாபிங்டன் கல்லின்மேல் ஒரு கீறல்கூடப் புதிதாகப் போடவில்லை. படிக்கும் முறையைத்தான் தந்தார். என் மாடியறைப் பெட்டிக்கும் வேண்டியிருந்தது அதுவே.

கம்ப்யூட்டர்களுக்கு இந்தத் துபாஷிகள் வந்த கதையும் சுவையானது. ஐ.பி.எம். கம்பெனியின் சொந்தக் கம்ப்யூட்டர் 1981இல் வந்தது. 1983இல் வந்த டாஸ் இரண்டாம் பதிப்பில், வேண்டிய டிரைவர்களின் பெயரை ஒரு சின்னக் கோப்பில் வரி வரியாக நாமே எழுதி வைக்கும் ஏற்பாடு செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நான் வாங்கிய முதல் யந்திரத்தில் இந்த வரிகளை எழுதி எழுதி விரல் தேய்ந்தேன். ஒரு வரி முன்பின்னாக இருந்தால் எலி நகராது; இன்னொரு வரி தவறினால் நினைவு போதாது என்று யந்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அச்சு யந்திரத்துக்கோ அந்தக் காலத்தில் பொது டிரைவர் கிடையாது. வோர்ட்ஸ்டார் போன்ற ஒவ்வொரு மென்பொருளும் தன் தன் துபாஷியைத் தானே கூட்டிக்கொண்டு வரும். புள்ளி அச்சு யந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் புள்ளிக் கோலமாக்கி அனுப்பினால்தான் அச்சிடும். ஒரு பக்கம் அச்சாவதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. இனிமேல் சொருகினால் போதும், யந்திரம் தானே அறிந்துகொள்ளும் என்றார்கள். சொருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டும் என்று அமெரிக்கர்களே பரிகாசம் செய்தார்கள். 1998 ஏப்ரலில் சிகாகோவில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98இல் ஒரு கருவியைச் சொருகிக் காட்டினார். யந்திரம் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோயிற்று. சொருகிய கருவி என்ன தெரியுமா? ஒரு ஸ்கானர். ஸ்கானர் சமாசாரத்தில் எனக்கு நேர்ந்ததைப் பின்னால் சொல்லப்போகிறேன். எனக்கு முன்னால் பில் கேட்ஸே பட்டிருக்கிறார் என்பதில் ஓர் ஆறுதல்.

போகட்டும். என் புதிய பெட்டிக்கு எந்த டிரைவர்களைப் போடுவது? மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியில் ஒரு டிவிடி இருந்தது. அதை வைப்பதற்கு இக்காலத்துத் தகரக் கூட்டில் வாசல் இல்லை!

"வாசல் இருந்தாலும் அது வேண்டாம் மாமா. பலகை செஞ்ச அன்னைக்கு உள்ள டிரைவர் அது. பழசு. கூடவே வேண்டாததெல்லாம் ஏத்திடும்."

"அப்படியானால் இன்டர்நெட்டிலிருந்து எடு."

"இன்டர்நெட்டுக்கே டிரைவர் இல்லையே!"

பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளே கிடக்கிறது. அவன் தன்னுடைய மடிக் கம்ப்யூட்டரில் மதர்போர்டு செய்தவர்களின் தளத்துக்குப் போய், நெட்வொர்க் டிரைவரை மாத்திரம் பென் டிரைவில் எடுத்து வந்து போட்டான். உடனே உலகம் திறந்தது. புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலில் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

அந்தத் தளத்தைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. சிப்செட், படம், சப்தம், வைஃபை, புளூடூத், வட்டு அடுக்கு, விளக்கு அலங்காரம், வேக மானி என்று ஒரு நீண்ட பட்டியல். ஒரே காரியத்துக்கு மூன்று பதிப்புகள் வேறு. கல்யாண விருந்தில் இலை நிறையப் பரிமாறியதைப் போல எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவன் கூடாது என்றான். சில்லின் பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்குரியதை மட்டும் எடுக்க வேண்டும் என்றான்.

சில்லுக்குப் பெயர் இருக்கிறதா? இருக்கிறது. ஒவ்வொரு சில்லின் உள்ளேயும் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: செய்தவர் யார் என்று ஒன்று, செய்த பொருள் எது என்று ஒன்று. கம்ப்யூட்டர் எழுந்தவுடன் எல்லாச் சில்லுகளையும் சுற்றி வந்து இந்த எண்களைப் படிக்கிறது. ஏ.எம்.டி. கம்பெனியின் எண் 1022. இன்டெல் கம்பெனியின் எண் 8086. 1978இல் இன்டெல் செய்து புகழ்பெற்ற பிராஸஸரின் பெயரே 8086. பழைய வெற்றியைத் தன் விருதாக ஒவ்வொரு சில்லிலும் பொறித்துக்கொள்கிறார்கள்!

தர்மராஜ ரதத்தின் மேல்தளங்களில் இப்படித்தான் விருதுப் பெயர்கள் வெட்டியிருக்கின்றன: ஸ்ரீமேக, புவனபாஜன, அநேகோபாய, நயனமனோகர. அண்ணாவின் டப்பாவில் இந்தப் பெயர்களின் நெகடிவுகளே அதிகம். அவற்றில் ஒரு பெயர் அத்யந்தகாம என்பது. எல்லையற்ற ஆசையுடையவன் என்று அர்த்தம். இதே பெயர் கணேச ரதத்தில் இருக்கிறது. தர்மராஜ மண்டபத்தில் இருக்கிறது. சாளுவன்குப்பத்துக் குகையிலும் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோவிலில் ராஜசிம்மனுடைய விருதுகளிலும் வருகிறது. அப்படியானால் இந்த அத்யந்தகாமன் யார்? மாமல்லன் நரசிம்மனா, பரமேசுவரனா, ராஜசிம்மனா? பண்டிதர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். மாமல்லபுரம் முழுவதையும் ராஜசிம்மனே செய்தான் என்று 1962இல் நாகசாமி எழுதினார். அதை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. பெயர் ஒன்று, ஆள் வேறு என்ற இந்தத் தொல்லை டிரைவர் விஷயத்திலும் அப்படியே இருக்கிறது. கடையில் ஒரே பெயரில் ஒரு வைஃபை கட்டை விற்பார்கள். இரண்டாம் பதிப்பு என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டு, உள்ளே வேறு கம்பெனிச் சில்லை வைத்திருப்பார்கள். அட்டையிலுள்ள பெயரை நம்பி டிரைவர் போட்டால் அது வாய் திறக்காது. உள்ளே பொறித்த எண்ணைப் பார்த்துப் போட்டால் உடனே பேசும்.

இந்த எண்ணை விண்டோஸும் பார்க்கிறது. சாதாரணச் சில்லுகளுக்கு உரிய டிரைவரை அதுவே தேடிப் போட்டுக்கொள்கிறது. ஆகவே முதலில் அதன் போக்கில் விட்டோம். பிறகு சிப்செட், படம், சப்தம் மூன்றை மாத்திரம் செய்தவர்களின் தளத்திலிருந்தே எடுத்தோம். விளக்கு அலங்காரம் வேண்டாம் என்றேன். வேக மானி வேண்டாம். 'உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழையவை, ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்கிற மூன்றாம் மனிதர்களின் சரக்கு வேண்டவே வேண்டாம் என்று பிள்ளையாண்டான் சொன்னான்.

"ஏனடா இவ்வளவு கெடுபிடி? பிடிக்காவிட்டால் எடுத்துவிட்டால் போகிறது!"

"அது மத்த புரோகிராம் மாதிரி இல்லை மாமா. உள்ளே போற ஆளு."

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கோவிலில் பிரகாரங்கள் இருப்பதுபோலக் கம்ப்யூட்டருக்குள்ளும் உண்டு. 1982இல் வந்த இன்டெல் 286 பிராஸஸரிலேயே இப்படி நான்கு சுற்றுகள் வகுத்துவிட்டார்கள். விண்டோஸ் அவற்றில் இரண்டைத்தான் உபயோகிக்கிறது: வெளிப் பிரகாரம் ஒன்று, கருவறை ஒன்று. நாம் கதை எழுதுகிற மென்பொருளும் படம் பார்க்கிற மென்பொருளும் வெளிப் பிரகாரத்தில் நிற்கும். அங்கே ஒருவன் மயங்கி விழுந்தால் தூக்கி அப்புறப்படுத்திவிட்டுப் பூஜையைத் தொடரலாம். டிரைவர்களில் பெரும்பாலானவை கருவறைக்குள்ளேயே நிற்கின்றன. அங்கே ஒருவன் விளக்கைத் தட்டிவிட்டால் கோவிலே இருட்டாகிவிடும்.

இது வெறும் உவமை அல்ல. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் கருவறை டிரைவர், பிழையான ஒரு கோப்பைப் படித்துத் தடுமாறியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோஸாப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் திணறின, நம் தேசத்து விமான நிலையங்கள் சிலவற்றில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக் கொடுத்தார்கள். காவலுக்கு வைத்த ஆளாலேயே வந்த வினை! 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பிலிருந்து, முத்திரை பெற்ற டிரைவருக்குத்தான் உள்ளே அனுமதி என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். முத்திரை என்பது ஆள் யார் என்று காட்டும். ஆள் தடுமாற மாட்டான் என்பதற்கு ஜாமீன் ஆகாது. ஆகவே உள்ளே விடுகிற ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே வீட்டுக்காரன் செய்யக் கூடியது.

மாலைக்குள் பெட்டி பேசியது, பாடியது, படம் காட்டியது. வெற்றிக் களிப்போடு பரண்மேலிருந்து ஸ்கானரை இறக்கித் துடைத்து, யுஎஸ்பி கம்பியைச் சொருகினேன். இதற்காகத்தானே இவ்வளவும்!

'தெரியாத கருவி' என்றது விண்டோஸ்.

ஸ்கானர் செய்த கம்பெனியின் தளத்துக்குப் போனோம். 32 பிட் காலத்து டிரைவர் ஒன்று இருந்தது. அது இந்த 64 பிட் அமைப்பில் நுழையாது. புதியது எழுதப்போவதில்லை, வேறு மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஸ்கானரின் விளக்கு எரிகிறது, கண்ணாடி பளிங்குபோல் இருக்கிறது, சக்கரம் ஓடுகிறது. ஒரு திருகாணிகூடத் தேயவில்லை. ஆனாலும் அது செத்த யந்திரம். ஏனென்றால் அதனோடு பேசும் வித்தையை அறிந்தவர்கள், அந்த வித்தையை யாருக்கும் சொல்லாமல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிய ஸ்கானர் வாங்கப் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் பத்து வருஷத்தில் இதே கதிதானே? டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வினிகர் வாசனை முன்னைவிடக் காரமாக இருப்பதுபோல் தோன்றியது.

இப்படி ஒரு யந்திரத்தின் முன்னால் கோபத்தோடு நின்ற இன்னொருவரை இங்கே சொல்ல வேண்டும். 1980 வாக்கில், அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிச் சாலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற வாலிபர் வேலை பார்த்தார். அங்கே இருந்த பழைய அச்சு யந்திரத்தில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அதன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாக ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் அச்சு யந்திரம் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. திருத்தலாம் என்றால் மென்பொருளின் மூலத்தை அவர்கள் தரவில்லை. மூலம் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆசாமியை நேரில் கேட்டார். யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் அதை மறக்கவில்லை. 1983 செப்டம்பரில், எல்லோரும் படிக்கவும் திருத்தவும் கூடிய மென்பொருள் அமைப்பு ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸின் கருவறையை எழுதி வெளியிட, அதோடு சேர்ந்து அது முழு உருப் பெற்றது. ஓர் அச்சு யந்திரத்தில் காகிதம் சிக்கியதன் பலன் இன்று உலகமெங்கும் ஓடுகிறது.

மறுநாள் காலையில் தங்கை பிள்ளை ஒரு பென் டிரைவோடு வந்தான்.

"விண்டோஸை அழிக்கப் போறியாடா?" என்று பதறினேன்.

"இல்லை மாமா. லினக்ஸ் இதுலேயே ஓடும். பாத்துட்டு எடுத்துடலாம்."

லினக்ஸில் டிரைவர்களை ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. பெரும்பாலானவை அதன் உள்ளேயே இருக்கின்றன. ஸ்கானர்களுக்கென்று 'சேன்' என்ற பெயரில் ஒரு டிரைவர் தொகுதி உண்டு. பல தேசங்களில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்த்தது. கம்பெனி விவரம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்காவிட்டால், ஸ்கானருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே கம்பியில் ஓடும் எண்களை ஒட்டுக்கேட்டு, இது விளக்கு ஏற்றும் உத்தரவு, இது சக்கரம் நகர்த்தும் உத்தரவு என்று ஒவ்வொன்றாக ஊகித்து எழுதுவார்கள். பாபிங்டன் கிரந்தம் படித்த மாதிரிதான். குற்றங்குறை உண்டு: சில புதிய கருவிகளைப் பார்த்து லினக்ஸ் விழிக்கும், வைஃபை சில்லுகள் சில மக்கர் செய்யும். என் பெட்டியின் சப்தம்கூட அதில் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் ஸ்கானரைச் சொருகியதும் அதன் பெயரைச் சொல்லி அழைத்தது!

முதல் நெகடிவைக் கண்ணாடியில் வைத்தேன். சக்கரம் மெல்ல ஊர்ந்தது. திரையில் மேலிருந்து கீழாகப் படம் இறங்கி வந்தது. சாளுவன்குப்பம்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில், புலிக்குகையை அடுத்து, அதிரணசண்டன் குகை என்று ஒரு சின்னக் குகைக் கோவில். கூட்டம் அங்கே போவதில்லை. அதன் ஒரு பக்கத்துச் சுவரில் பல்லவ கிரந்தத்தில் ஒரு சாஸனம். எதிர்ப் பக்கத்துச் சுவரில் அதே சாஸனம் நாகரி எழுத்தில். வாசகம் கிட்டத்தட்ட ஒன்றே, எழுத்து இரண்டு. மன்னன் எதற்காக அப்படி வெட்டினான்? வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர் படிக்கட்டும் என்றா? ஒரு முறை மறந்தாலும் இன்னொரு முறையில் படிக்கட்டும் என்றா? அண்ணா இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது எனக்கு வேர்க்கடலையில்தான் கவனம்.

இது பல்லவன் காலத்துக் கவலை மட்டும் அல்ல. 1990களில் நாங்கள் தமிழில் கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கியபோது, கம்பெனிக்கு ஒரு எழுத்து முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, விசைப்பலகைக்கும் எழுத்து முறைக்கும் ஒழுங்கு வகுத்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் நான் எழுதிய இரண்டு நாவல்களின் கோப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. திறந்தால் வெறும் கிறுக்கல். அச்சிட்ட புத்தகம் இல்லாவிட்டால், நான் எழுதியதை நானே படிக்க முடியாது!

திரையில் கிரந்தச் சுவர் முழுவதும் இறங்கிவிட்டது. மாலை வெயிலில் எடுத்திருக்கிறார். எழுத்துக்கள் நிழல் விழுந்து தெளிவாக நிற்கின்றன. வலது ஓரத்தில், காமிராவைக் குனிந்து பிடித்திருக்கும் ஒரு மனிதரின் நிழல். அதன் இடுப்புயரத்துக்கு இன்னொரு சின்ன நிழல். கையில் பொட்டலம்.

"யார் மாமா அது?" என்றான் பிள்ளையாண்டான்.

எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

படங்கள் அத்தனையும் எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. 14 துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டன. தீபாவளிகளைத் தள்ளிப் போட்டதற்கு நான் கொடுத்த அபராதம் அது. மீதி பிழைத்தது.

இப்போது பிஸ்கட் டப்பாவில் நெகடிவுகளோடு ஒரு பென் டிரைவும் இருக்கிறது. அதில் படங்கள், லினக்ஸ், இந்தப் பெட்டிக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த டிரைவர்கள் எல்லாம் இருக்கின்றன. பென் டிரைவையும் ஒரு நாள் எந்த யந்திரமும் படிக்காமல் போகலாம் அல்லவா? ஆகவே எந்தச் சில்லு, அதன் உள்ளெண் என்ன, எந்த டிரைவர், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு முழுத்தாளில் பேனாவால் எழுதி, நாலாக மடித்து, அதையும் உள்ளே வைத்திருக்கிறேன். தாளின் தலைப்பில் 'சாளுவன்குப்பம்' என்று எழுதினேன். தங்கை பிள்ளைக்கு அது ஏன் என்று தெரியும்.